பொன்னைக் கழற்றியவள்

எங்கள் பக்கத்தில் காளைக் கன்றுக்குக் காயடிப்பது பட்டப்பகலில் நடக்கும். தெருவில் கன்றைப் படுக்கப்போட்டு நாலு பேர் காலைப் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு விரையைத் தனியாகத் தட்டில் எடுத்து வைத்து, "வாங்கிட்டுப் போங்கக்கா, உடம்புக்கு நல்லது" என்று கூப்பிட்டு விற்பார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள அந்த உறுப்பு மனுசனுக்கும் உண்டு, அதுவும் நோகும், வீங்கும், அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் பொத்திக்கொள்ளவில்லை. அதனால் எனக்கு வாய் நீளம் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம். நாகல் நகரில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. என் வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். சுற்றுப்பட்டுக் கிணறுகளில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரெல்லாம் அவர் கடைக்கு வரும். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். நான் முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தேன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்துவிடலாம். அம்புட்டு அமைதி. கல்யாணமான புதிதில் அதை நல்ல குணம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்தப் பங்குனியில் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாகப் பொன்னுக்கு வீங்கி வந்தது. காதுக்குக் கீழே தாடை இரண்டும் பணியாரமாக உப்பிக்கொள்கிற காய்ச்சல். பிள்ளைகளோடு பிள்ளையாக அவருக்கும் ஒட்டிக்கொண்டது. தொண்டையில் எச்சில் இறங்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்து படுத்தார். சேதி கேட்டு என் மாமியார் குஜிலியம்பாறைப் பக்கமுள்ள ஊரிலிருந்து வேப்பங்குழையோடு பஸ் ஏறி வந்தார். வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டது பொன்னைத்தான்.

"அவன் கழுத்துல பொன்னப் போடு ஆத்தா. வெறுங்கழுத்தா இருந்தா எறங்கவே எறங்காது."

பொன்னுக்கு ஏங்கி வீங்குகிற நோய் அது, பொன் கழுத்தில் பட்டால் வாடிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பீரோவிலிருந்து என் அம்மா வீட்டில் போட்ட முறுக்குச் சங்கிலியை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினேன். மீசை வைத்த ஆள், இரண்டு தாடையும் வீங்கி, இலை வேலைப்பாடு போட்ட டாலரோடு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, அண்ணனுக்கு நகை போட்டு அழகு பாக்குறீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்த வழக்கத்தின் மேல் அன்றைக்கு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சில நாளில் தாடை வற்றியது. அந்த நேரம் பார்த்துக் கன்னிவாடியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். தாலிக்கொடியோடு மட்டும் போய் நின்றால், போட்ட சங்கிலி எங்கே என்று என் அம்மா பந்தலிலேயே விசாரணையை ஆரம்பித்துவிடுவாள். அதனால் அவர் கழுத்திலிருந்து கழற்றப் போனேன். மாமியார் குறுக்கே வந்தார்.

"தலைக்குத் தண்ணி ஊத்தாமப் பொன்னக் கழட்டக்கூடாதுடி."

"வீக்கந்தான் வத்திப்போச்சே அத்தை. நாளைக்குச் சாயங்காலம் வந்து திரும்பப் போட்டுவிடுறேன்."

அவரும் தலையைக் குனிந்து கொடுத்து, "எடுத்துட்டுப் போ, கழுத்தெல்லாம் அரிக்குது" என்றார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றச் சொன்னது அவர்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார்.

"வா மகராசி. பொன்னக் கழட்டிட்டுப் போனேல்ல? இந்தா கெடக்கான் பாரு எம்புள்ள."

கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தார். காய்ச்சல் அனலாக அடித்தது. இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் தடவியிருந்தது. தொப்புளில் விளக்கெண்ணெய். கட்டிலடியில் இளநீர்க் கூடு, மோர்ச் சொம்பு, சீரகத் தண்ணீர். சூடு பிடித்துவிட்டது என்பது மாமியாரின் முடிவு. எங்கள் ஊரில் ஆம்பிளைக்கு அடிவயிற்றிலோ அதற்குக் கீழேயோ எது வந்தாலும் அது சூடுதான். சூட்டுக்கு மருந்து கால் நகத்தில்தான். மருந்துக் கடையில் வாங்கிவரச் சொன்ன வயிற்று வலி மாத்திரையும் இரண்டு உள்ளே போயிருந்தது.

"எங்கங்க வலிக்குது?"

"வயிறு."

வயிறு வலிக்கிறவர் தொடையை ஏன் அகட்டி வைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. தண்ணீர் கேட்டு எழுந்தவர் கட்டிலின் விளிம்பில் உட்கார முடியாமல் மறுபடி சாய்ந்தார். மாமியாரை அடுப்பைப் பார்க்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"காட்டுங்க."

"அங்கிட்டுப் போ."

"நான் யாரு? நீங்க கட்டுன பொண்டாட்டிதான? காட்டுங்கன்னா காட்டுங்க."

லுங்கியை விலக்கினேன். வலப்பக்கத்து விரை, இடப்பக்கத்தைப் போல இரண்டு மூன்று பங்கு வீங்கியிருந்தது. தோல் சிவந்து, இழுத்துக் கட்டினது போலப் பளபளத்தது. என் விரல் பட்டதுதான் தாமதம், தலையணையைக் கடித்தார்.

"எப்பருந்து இப்படி?"

"காலைலருந்து."

"அத்தைகிட்டச் சொன்னீங்களா?"

"வயித்து வலின்னு சொன்னேன்."

"வயித்து வலியா இது?"

"பின்ன எப்படிச் சொல்றது?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. வலிக்கா, வெட்கத்துக்கா என்று எனக்குத் தெரியவில்லை. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

"மோட்டார் எரிஞ்சவன் உங்க கடைக்கு வந்து, வாய்க்கால்ல தண்ணி வரலன்னு மட்டும் சொன்னா, நீங்க வாய்க்கால வெட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

கதவைத் திறந்ததும் மாமியார் சங்கிலிக்காக நின்றுகொண்டிருந்தார். "மொதல்ல பொன்னக் கழுத்துல போடு. பொறகு எங்க வேணாலும் போ." சண்டை போட நேரமில்லை. சங்கிலியைக் கழற்றி வீட்டுக்காரர் கழுத்தில் போட்டேன், ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

நாங்கள் வழக்கமாகப் போகிற டாக்டர் நரைத்த தலை, சிடுமூஞ்சி. மருந்துச் சீட்டு எழுதுகிற வேகத்தில் மனுசரை எழுப்பி அனுப்பிவிடுவார். அவர் அறைக்கும் வெளிப் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான். உள்ளே பேசுவது வெளியே கேட்கும் என்பதால் உள்ளே போகிறவர்கள் பாதியை முழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள். என் வீட்டுக்காரரும் அப்படியே, "வயிறு வலிக்குது சார்" என்றார்.

டாக்டர் வயிற்றை அமுக்கினார். "இங்கயா? இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ சார்."

"இங்கயா?"

"அங்கிட்டுத்தான் சார்... பரவால்ல சார்."

டாக்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பரவாயில்லையாம்! ஆட்டோ ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் என் கையைப் பிய்த்துவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்த மனுசன், பரவாயில்லை என்கிறார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"டாக்டர், இவருக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு. கொட்டை வீங்கியிருக்கு. காலைலருந்து வயித்து வலின்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்காரு."

வெளிப் பெஞ்சில் பேச்சு நின்றது. யாரோ ஒரு பெண் "அய்யய்ய" என்றாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைத்தான் முறைத்தார், என்னை அல்ல.

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? லுங்கிய அவுத்துக் காட்டு."

பிறகு கேள்வியாகக் கேட்டார். திடீரென்று சுளுக்கென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதா? வாந்தி உண்டா? மூத்திரம் போகும்போது எரிகிறதா? அடி ஏதும் பட்டதா? விலாவிலிருந்து இழுத்துக்கொண்டு இறங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சிறுநீரகக் கல் வலி அங்கே போய் நிற்குமாம். குடல் இறங்கினாலும் அங்கேதான் தெரியுமாம். மூத்திரக் கிருமி ஏறினாலும் வீங்குமாம். இம்புட்டு இருக்கிறது ஒரு வலிக்குப் பின்னால். எங்கள் ஊரில் அத்தனைக்கும் ஒரே பெயர், சூடு.

"எல்லாத்தையும் விட மோசம் எது தெரியுமா? உள்ள திருகிக்கும். திருகிக்கிட்டா ரத்தம் போகாது. சில மணி நேரத்துல ஆபரேஷன் பண்ணிப் பிரிச்சுவிடலன்னா அது செத்துப்போகும், வெட்டி எடுத்துர வேண்டியதுதான். நீ என்னடான்னா நகத்துல பூண்டத் தடவிக்கிட்டுப் படுத்துக் கெடந்திருக்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் பொன்னுக்கு வீங்கி வந்ததைச் சொன்னேன். டாக்டர் தாடையைத் தொட்டுப் பார்த்தார். வளர்ந்த ஆம்பிளைக்கு அது வந்தால் சில பேருக்கு விரையில் போய் இறங்கும், தாடை வற்றுகிற சமயத்தில்தான் கிளம்பும் என்றார். அதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் திருகல் இல்லையென்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஸ்கேனுக்கு விரட்டினார். திரையை விலக்கி வெளியே வந்தபோது பெஞ்சு முழுவதும் எங்களையே பார்த்தது. எல்லாம் எங்களுக்குத் தெரியாத ஜனம்தான். நானும் அவர்களைப் பார்த்தேன். அவர்கள்தான் முதலில் தலையைக் குனிந்தார்கள்.

"ஊரே கேட்டுச்சு" என்றார் ஆட்டோவில்.

"கேக்கட்டும். வெட்டி எடுத்தா ஊரா வந்து குடுக்கப் போகுது?"

நல்லவேளை, திருகல் இல்லை. பொன்னுக்கு வீங்கிதான் இறங்கியிருந்தது. அதற்கென்று தனி மருந்து கிடையாது. வலிக்கு மாத்திரை, துணியில் சுற்றின ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை, படுக்கை. அப்போதுதான் நான் டாக்டரிடம் கேட்டேன், சங்கிலியைக் கழற்றியதால் இது வருமா என்று. எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டிருந்தது, பொய் சொல்வானேன்.

"கிருமிக்குப் பொன்னு தெரியுமா, பித்தள தெரியுமா? ஒடம்பு பூரா நகை போட்டிருந்தாலும் எறங்குறது எறங்கத்தான் செய்யும்" என்றார். வீக்கம் வற்றினபின் அந்தப் பக்கம் சிறுத்துப்போகலாம், ஆனால் மறுபக்கம் நன்றாக இருக்கிறது, பிள்ளை தள்ளிப்போனால் முதலில் இவருக்கு ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். கிளம்பும்போது அவரைக் கூப்பிட்டு, "வலி வந்தா ஓடி வா. வலியே இல்லாமக் கெட்டியா ஒரு கட்டி கையில தட்டுப்பட்டா அதவிட வேகமா ஓடி வா. அது வேற சமாச்சாரம்" என்றார்.

வீடு திரும்பும்போது அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யார்ட்டயும் சொல்லாத. அம்மாகிட்டக் கூட."

சரி என்றேன். அவர் உடம்பு அது. ஆபத்துக்கு நான் வாய் திறந்தது வேறு, ஆபத்து தாண்டின பிறகு ஊருக்குச் சொல்வது வேறு. அவர்தான் சொல்ல வேண்டும், சொல்லுவார் என்று நினைத்தேன்.

அவர் சொல்லவில்லை. என் மாமியார் சொன்னார். மகனுக்கு வந்தது இன்னதென்று அவருக்குத் தெரியாது. வயிற்று வலி என்றே தெரியும். பொன்னைக் கழற்றியதும் வலி வந்தது, பொன்னைத் திரும்பப் போட்டதும் வலி போனது. அவருக்கு வேறு சாட்சி எதற்கு? ஊருக்குப் போய் வாய்க்கு வாய் சொன்னார். வருடம் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றதும் அந்தக் கதைக்கு வாலும் முளைத்தது. "புருசன் உசுரவிடச் சங்கிலி பெருசுன்னு கழட்டிட்டுப் போனவளுக்கு மடியில எப்படித் தங்கும்?" நல்லது கெட்டதுக்கு ஊருக்குப் போனால் இந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். ஒருத்தி என் காதுபடவே என்னைப் 'பொன்னைக் கழட்டுனவ' என்று அடையாளம் சொன்னாள். என் பெயரே அதுவாகிவிட்டது.

எனக்கு எரியும். ஒரு வார்த்தை போதும் அந்தக் கதையை உடைக்க. அந்த வார்த்தை அவர் வாயில் இருந்தது.

நான் பார்க்காத டாக்டர் இல்லை. கருக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவருக்கு எடுக்கச் சொன்ன டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று நழுவிக்கொண்டே இருந்தார். கோயில் தரையில் சோற்றைப் போட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்துச் சாப்பிடுகிற மண்சோறு நேர்த்தியையும் செய்தேன், ஒருமுறை. அடுத்த வருடம் மாமியார் மறுபடியும் கூப்பிட்டபோது, "இந்தத் தடவ உங்க மகனச் சாப்பிடச் சொல்லுங்க அத்தை, எனக்கு மண்ணு சலிச்சுப்போச்சு" என்றேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக ஜாக்கெட் தைத்தேன்.

ஒரு நாள் அவர் கடையில் செப்புக் கம்பிச் சுருளுக்குப் பின்னால் ஒரு டப்பா கண்ணில் பட்டது. கருப்பாக லேகியம். மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் ரூம் நம்பர். மாதத்தில் ஒரு நாள் வந்து ரூம் எடுத்துத் தங்கி, ஆம்பிளைகளைப் பயமுறுத்தி லேகியம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற பரம்பரை வைத்தியர்கள் அந்தக் காலத்தில் நிறைய. ஊர்ச் சுவரெல்லாம் அவர்கள் விளம்பரம்தான். டப்பாவை மேஜை மேல் வைத்தேன்.

"ஊரு பேரு தெரியாதவன்கிட்ட, லாட்ஜு ரூமுக்குப் போய்ச் சொல்ல முடிஞ்சுது. எனக்காகப் பெத்த தாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியலல்ல?"

அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்த கம்பி அப்படியே நின்றது. நானும் கொக்கி வைக்கப் போகவில்லை, நின்றேன். கடைசியில், "டெஸ்ட்டுக்கு எப்பப் போகணும்?" என்றார்.

போனோம். லேபில் ஒரு குட்டி டப்பாவைக் கொடுத்துக் கக்கூஸைக் காட்டினார்கள். நாலு பேருக்கு நடுவில் அந்த டப்பாவோடு அவர் நடந்து போனார். எனக்கு வாழ்நாளில் அவர் மேல் அதிகமாகப் பாசம் வந்த நாள் அதுதான். முடிவு வந்தது. எண்ணிக்கை குறைவு, அடியோடு இல்லை என்பதில்லை. வைத்தியத்துக்கு இடம் இருக்கிறது என்றார்கள். சூம்பிப்போன வலப்பக்கம்தான் காரணமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். வெளியே வந்து டீ குடித்தோம்.

"அத்தைகிட்டச் சொல்றீங்களா?"

டீ டம்ளரையே பார்த்தார். "சொல்றேன்" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம்.

அடுத்த தை மாதம் என் நாத்தனாருக்கு ஊரில் வளைகாப்பு. அவருடைய ஒரே தங்கை. சமைந்ததிலிருந்து அவளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள் நான். அன்றைக்குக் கட்டிய பச்சைப் பட்டுக்கும் நான்தான் தைத்தேன். அதே முறுக்குச் சங்கிலியை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போனேன். பார்க்கிறவள் பார்க்கட்டும்.

பட்டாசாலைக் கூடத்தில் அவளை உட்கார வைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருத்தராகக் கன்னத்தில் சந்தனம் பூசி, கையில் வளையல் ஏற்றினார்கள். என் முறை வந்தது. சந்தனக் கிண்ணத்தில் விரலை வைத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ செத்த நேரம் இரு ஆத்தா. மத்தவுக போடட்டும்."

குரல் ஒன்றும் கோபமாக இல்லை. அதுதான் சுட்டது. பின்னால் இருந்து ஒரு பெரியம்மா, "பொன்னக் கழட்டுன கையி, புள்ளத்தாச்சி மேல எதுக்கு?" என்றார், யாரிடமோ பேசுகிற மாதிரி. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். என் விரலில் சந்தனம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை, பூசவும் வழியில்லை. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். போனால் அந்தக் கதை உண்மையாகிவிடும். மாட்டேன் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பின்கட்டிலிருந்து அவர் புளிச்சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பெரியம்மா சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அண்டாவை நடு வீட்டில் ணங்கென்று வைத்தார். எல்லோரும் திரும்பினார்கள்.

"அம்மா" என்றார். "அன்னைக்கு எனக்கு வந்தது வயித்து வலி இல்ல. கொட்டை வீங்கிப்போச்சு. பொன்னுக்கு வீங்கி அங்க போயி எறங்கிருச்சு. ஒரு பக்கம் சூம்பிப்போச்சு. புள்ள தங்காததுக்குக் கொறை எங்கிட்டத்தான். டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு. சங்கிலிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கழட்டச் சொன்னதே நாந்தான்."

அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு பேச்சு நான் கேட்டதில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். மாமியாருக்கு முகம் செத்துப்போனது.

"ஏலே அப்பு, பொம்பளைக கூடியிருக்கிற எடத்துல என்னலே பேச்சு இது?"

"பொம்பளைக கூடியிருக்கிற எடத்துலதானம்மா இம்புட்டு வருசமா அவளப் பேசுன?"

என் மணிக்கட்டிலிருந்து மாமியாரின் கை தானாக நழுவியது. நாத்தனார் தன் இடது கையை என் மடிக்கு நேராக நீட்டினாள். "போடுங்க மதினி" என்றாள். சந்தனத்தை அவள் இரண்டு கன்னத்திலும் நன்றாக அப்பினேன். வளையலை ஏற்றும்போது எனக்குக் கண் தெரியவில்லை, அழுதேன். ஆமாம், அழுதேன். வாய் நீளம் உள்ளவளுக்கும் கண் இருக்கிறது.

பிறகு உங்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். பிறந்தது என்றால், அப்பாடா, என்று என்னை மன்னித்துவிடுவீர்கள். பிறக்கவில்லை என்றால், ஐயோ பாவம் என்பீர்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். இதை எழுதப்போவதாக அவரிடம் சொன்னபோது, "உள்ளத எழுது. பேரு மட்டும் போடாத" என்றார். உள்ளது இவ்வளவுதான், அன்று மத்தியானம் நடந்தது ஒன்றைத் தவிர.

பந்தி ஆரம்பிக்கிற நேரம். நான் கையலம்பப் பின்வாசலுக்கு வந்தேன். கிணற்றடியில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அவர் தனியாக நின்றிருந்தார். அவருக்குச் சித்தப்பா மகன் முறையுள்ள ஒருவர், முருங்கைத் தோட்டக்காரர், ஆறடி ஆள், துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"அண்ணே. எனக்கும் ரெண்டு மாசமா... இந்த அடிவயித்துல..."

"அடிவயித்துலயா, கொட்டையிலயா?"

அந்த ஆள் அக்கம்பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். "அவ இருக்கட்டும், நீ சொல்லு" என்றார் இவர்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. கல்லு மாதிரி ஒரு கட்டி கையில தட்டுப்படுது. வலிதான் இல்லையேன்னு விட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். டாக்டர் சொன்ன அந்த வேறு சமாச்சாரம் எங்கள் இருவருக்குமே ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"சட்டையப் போடு. டவுனுக்குப் போவோம். அந்த டாக்டர் சாயங்காலம் இருப்பாரு."

"இன்னைக்கேவாண்ணே? சாப்பிட்டு..."

"இன்னைக்கே."

வண்டியை எடுக்கும்போது மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. ஆனாலும் விருந்து வீட்டில் சாப்பிடாமல் கிளம்புகிறவர்களைப் பார்த்துச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

"பந்தியப் போட்டுட்டு எங்கலே கெளம்பிட்டீங்க?"

"டாக்டர்கிட்ட."

"யாருக்கு, என்னத்துக்கு?"

என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்திருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஆறடி ஆள், "எனக்குத்தான் பெரியம்மா. வயித்து..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கொட்டையில கட்டி, பெரியம்மா" என்றார்.

மாமியார் அவரையும் தன் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க?" என்றார். "வெரசாப் போங்கலே."